ஜாமீன் கையெழுத்து



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் போதும். அடுத்த வாரமே எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு கோப்பு. பின்னால் அம்மாவோ அப்பாவோ. இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கத்தான் செய்கிறார். ஆயினும், மனத்தில் உள்ளதைத் தாய்மொழியில் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே ஆறாம் ஆண்டில் பாடம் நடத்திய ஆசிரியரைத் தேடி வருகிறார்கள்.

அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம். முதலாவது, பதினெட்டு வயதில் பெற்றோருடன் வந்து கேட்பது: "சார், பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா?" இரண்டாவது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தனியாக வந்து, தாழ்ந்த குரலில் கேட்பது: "சார், கட்டாம விட்டா என்ன செய்வாங்க?"

முதற் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக விடை சொல்லி வந்தவன். இரண்டாவது கேள்விக்கான விடையை, என் பெயருக்கே வந்த ஒரு கடிதத்தின் வாயிலாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைப் பெற்றோர்களுடனும் ஆசிரிய நண்பர்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டா. 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன்.

2001-ஆம் ஆண்டு, ஒரு மாலைப் பொழுது

நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த முதலாண்டு 1995. தென் கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. அவ்வாண்டு என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற பதினொரு பிள்ளைகளுள் தம்பியும் ஒருவன். கணிதத்தில் கெட்டிக்காரன். தந்தையார் பால்மரம் வெட்டுபவர். தாயார் வெளிக்காட்டு வேலை.

2001-ல் ஒரு மாலை, தந்தையும் மகனும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். தம்பிக்குக் கோலாலம்பூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருந்தது. கடனும் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தப் பத்திரத்தில் இரண்டு உத்தரவாதிகள் கையெழுத்திட வேண்டும். ஒருவர், லாரி ஓட்டும் தாய்மாமன். மற்றொருவருக்கு நிலையான சம்பளம் உள்ள எவரும் அவர்கள் உறவில் இல்லை.

"சார், ஜாமீன் கையெழுத்துக்கு ஒங்கள விட்டா எங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றார் தந்தையார்.

அக்காலத்தில் தோட்டப்புறத்தில் இது புதிதன்று. அரசாங்கச் சம்பளம் வாங்குபவர் என்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தாம். எத்தனையோ ஆசிரியர்கள் இவ்வாறு கையெழுத்திட்டிருக்கிறார்கள். நானும் பேனாவை எடுத்தேன். பத்திரம் மலாய் மொழியில் பல பக்கங்கள் இருந்தது. நான் படித்தது, கையெழுத்திட வேண்டிய கோட்டை மட்டுந்தான். அவர்கள் போன பின்னர் என் மனைவி கேட்டார்: "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா?" நல்ல பையன், கட்டிவிடுவான் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மகிழ்ச்சியை இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் எனப்படும் பி.டி.பி.டி.என்., 1997-ல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. பின்னர் 1999 முதல் தனியார் கல்லூரி மாணவர்களுக்கும். மாரா கடனுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம் மிகச் சிலருக்கே எட்டும். அந்நிலையில், ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை நகையை அடகு வைக்காமல் கல்லூரி வாசலை மிதிக்கலாம் என்ற நிலை வந்தது பெரிய மாற்றந்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நானே ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்: "பணமில்லை என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள், கடன் இருக்கிறது."

அத்துடன் இறங்கிவிடுவேன். கடனை எப்படித் திருப்பிச் செலுத்துவது என்று ஒரு கூட்டத்திலும் நான் பேசியதில்லை.

என் பெயருக்கு வந்த கடிதம்

தம்பி 2004-ல் படிப்பை முடித்தான் என்று கேள்விப்பட்டேன். ஜொகூரில் வேலை என்றார்கள். பின்னர்ச் செய்தி குறைந்தது. 2008-ல் அவனுக்குத் திருமணம் நடந்ததாக வேறொருவர் சொல்லித்தான் தெரியும். எனக்கு அழைப்பிதழ் வரவில்லை. மனத்தில் சிறு வருத்தம். நகரத்துக்குப் போனால் மறந்துவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

2009-ன் இறுதியில் என் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தவணைகள் செலுத்தப்படவில்லை, உத்தரவாதி என்ற முறையில் எனக்கும் அக்கடனில் பொறுப்பு உண்டு, நிலுவையைத் தீர்க்காவிடில் சட்ட நடவடிக்கை தொடரும் என்பது சாரம். தம்பி வாங்கிய கடன் 18 ஆயிரம் ரிங்கிட். கடிதத்தில் இருந்த தொகை 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு அப்போது இரண்டு சிறு பிள்ளைகள். வீட்டுக் கடன் வேறு. அன்றிரவு என் மனைவி "படிச்சுப் பாத்தீங்களா?" என்று மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. மறுநாளே தம்பியின் தந்தையைத் தேடிப் போனேன். தோட்டம் துண்டாடப்பட்டு, அவர்கள் சுங்கைப் பட்டாணியை ஒட்டிய ஒரு மலிவு விலை அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள்.

கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. எழுந்து போய்ச் சாமி மேடைக்குக் கீழிருந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு உறைகள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எல்லாம் மலாய்ல இருக்கும் சார். பிரிச்சா ஏதாச்சும் சொல்லணும். என்ன சொல்றதுன்னு தெரியல. அவனுக்கும் சொல்லல, கல்யாணம் ஆன பையன், பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு..."

நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வந்த கடிதங்கள். என் கோபம் அங்கேயே வடிந்தது. ஏமாற்றுக்காரரின் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருக்காது. அவர் அவற்றைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியாமல், சாமிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார்.

தம்பி சொன்னது

அடுத்த பள்ளி விடுமுறையில் தம்பி வந்தான். என் எதிரே உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினான்.

டிப்ளோமா முடித்ததும் கிடைத்தது தொழிற்சாலையில் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் குறைந்த சம்பளம். அறை வாடகை, மோட்டார்சைக்கிள் தவணை, வீட்டுக்கு இருநூறு என்று போக மிஞ்சியது ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் 'அடுத்த மாதம்' என்று தள்ளினான். பின்னர், சேர்ந்துபோன தொகையை நினைத்தாலே பயம். 'அரசாங்கம் ஒருநாள் தள்ளுபடி செய்துவிடும்' என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டான். சிங்கப்பூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்தும், கடன் பாக்கியுள்ளவர்களைக் குடிநுழைவுத் துறை எல்லையில் தடுத்துவிடும் என்ற அச்சத்தில் போகவில்லை. போயிருந்தால் கடனையே கட்டியிருக்கலாம்.

"ஜாமீன் போட்டவருக்கும் கடிதம் போகும்னு எனக்குத் தெரியாது சார். ஆனா, கட்டலங்குறது எனக்குத் தெரியும்ல. ஒங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதான் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடல."

கடன், பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. ஆசிரியர் மாணவர் என்ற உறவையும் எட்டு ஆண்டுகள் அது பிடித்து வைத்திருந்தது. அதில் என் பங்கும் இருந்தது. கையெழுத்திட்ட அன்றே அவனை உட்கார வைத்து, 'இது இத்தனை ரிங்கிட். படிப்பு முடிந்த பின் மாதம் இத்தனை வரும். கட்ட முடியாவிட்டால் ஒளியாதே, போய்ச் சொல்' என்று அரைமணி நேரம் பேசியிருந்தால் போதும். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத் தோன்றவில்லை.

முகப்பில் நடந்தது

மூவரும் கழகத்தின் அலுவலகத்துக்குப் போனோம். தந்தையார் அந்த உறைக் கட்டையும் எடுத்து வந்திருந்தார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?"

அவ்வளவுதான். தவணையை மறுசீரமைத்துத் தர வழியிருந்தது. மாதம் 150 ரிங்கிட் என்று முடிவாயிற்று. இன்னொரு செய்தியும் அங்கேதான் தெரிந்தது. பழைய கடன்களுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு நிருவாகக் கட்டணம் இருந்து வந்தது. 2008-ல் அறிமுகமான 'உஜ்ரா' முறையில் அது 1 விழுக்காடு. பழைய கடனாளிகளும் விண்ணப்பித்து அம்முறைக்கு மாறலாம். அச்செய்தியும் பிரிக்கப்படாத ஏதோ ஓர் உறைக்குள் இருந்திருக்கக்கூடும்.

2010 தொடங்கி, தம்பி தவணை தவறவில்லை. பின்னாளில் பி.டி.பி.டி.என். கடனும் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் பதிவேட்டில் இடம்பெறத் தொடங்கியபோது பலர் வீட்டுக் கடன் கிடைக்காமல் தவித்தார்கள். தம்பியின் பதிவு ஒழுங்காக இருந்ததால், அடுத்த ஆண்டே அவனுக்கு ஒரு சிறு வீடு வாங்கக் கடன் கிடைத்தது.

2018 பொதுத் தேர்தலின்போது, மாத வருமானம் 4,000 ரிங்கிட் எட்டும்வரை கடனைக் கட்ட வேண்டியதில்லை என்ற வாக்குறுதி முன்வைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு பயணத் தடைப் பட்டியல் நீக்கப்பட்டது உண்மை. ஆனால், அந்த 4,000 ரிங்கிட் வாக்குறுதி சொன்னபடி நடைமுறைக்கு வரவில்லை. நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு நிலுவைதான் கூடியது. "நிறுத்தட்டுமா சார்?" என்று தம்பியும் அப்போது தொலைபேசியில் கேட்டான். "வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வரும்வரை கட்டு" என்றேன். எஞ்சிய தொகையை 2019-ல் ஒரேயடியாகக் கட்டி முடித்தான். கடன் தீர்ந்த கடிதத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கீழே இரண்டே சொற்கள்: "முடிஞ்சிருச்சு சார்."

இப்போது நான் சொல்லும் விடை

அதன் பின்னர், 'கடன் கிடைக்குமா?' என்று கேட்டு வருவோரிடம் நான் உடனே 'கிடைக்கும்' என்று சொல்வதில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கேட்கிறேன். அப்பாடத்திட்டம் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிருணய முகமையின் பதிவேட்டில் உள்ளதா என்பதை இணையத்தில் அவர்கள் கண்முன்னே தேடிப் பார்க்கிறோம். கல்லூரியின் விளம்பரத்தாள் சொல்வதை நம்பிவிடக் கூடாது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடனும் இல்லை. பின்னாளில் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை.

அடுத்து, கடனே தேவைப்படாத வழி இருக்கிறதா என்று பார்க்கிறோம். பாலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்கான கட்டணம் 200 ரிங்கிட்தான். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் ஆகியவற்றுக்கும் செலவு மிகக் குறைவு. தனியார் கல்லூரியின் குளிரூட்டப்பட்ட கூடத்தைப் பார்த்து மயங்கி இவற்றை விட்டுவிடும் பிள்ளைகள் நம்மில் மிகுதி.

அதன் பிறகே தகுதி. விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, படிப்புக்குரிய எஸ்.பி.எம். தேர்ச்சியும் கல்லூரியின் இடமளிப்புக் கடிதமும் வேண்டும், எஸ்.எஸ்.பி.என். எனப்படும் தேசியக் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். கடன்தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு உச்சத் தொகையும் மற்றவர்களுக்கு அதில் ஒரு பகுதியும் கிடைக்கும். உச்சத் தொகை கிடைத்தாலும், தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அது ஈடுசெய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அத்தாளிலேயே எழுதச் சொல்கிறேன்.

கடைசியாக, மாணவனின் கையாலேயே ஒரு கணக்கைப் போட வைக்கிறேன். கடன் 20,000 ரிங்கிட். பத்தாண்டுத் தவணை. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்றால் பத்தாண்டுக்கு 2,000. மொத்தம் 22,000. அதை 120 மாதங்களால் வகுத்தால், மாதம் ஏறக்குறைய 183 ரிங்கிட். குறைந்தபட்ச ஊதியம் 2025-ல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அச்சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான தொகை இது. கனமானதுதான், ஆனால் தூக்க முடியாததன்று. தொகை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அச்சம் பாதி குறைந்துவிடும்.

முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் பெறுவோருக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் சொல்கிறேன். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவை மாறியும் வந்துள்ளன. நாமே விண்ணப்பிக்கவும் வேண்டும். டிப்ளோமாவுக்கு அச்சலுகை இல்லை. படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய பணத்தைக் கட்டத்தான் வேண்டும்.

'கட்டாம விட்டா என்ன செய்வாங்க?' என்று கேட்டு வருவோரிடமும் நான் இப்போது கோபப்படுவதில்லை. "உறைகளை எடுத்து வா, சேர்ந்து பிரிப்போம்" என்கிறேன். வேலை போய்விட்டதா, சம்பளம் குறைந்துவிட்டதா, முகப்பில் சொல்லித் தவணையை மாற்றக் கேட்கலாம். 2012-ன் இறுதியிலிருந்து அவ்வப்போது கழிவுச் சலுகைகள் அறிவிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றைக் கவனித்து வர வேண்டும். ஊழியர் சேமநிதியில் கல்விக்கென அனுமதிக்கப்பட்ட பகுதியிலிருந்து எடுத்துக் கட்டவும் வழியுண்டு. ஆனால், அது முதுமைக்கான பணம். யோசித்துச் செய்ய வேண்டும். ஒன்றுமே இயலாவிட்டாலும், ஐம்பது ரிங்கிட்டாவது கட்டிக்கொண்டே பேசுங்கள். பேசாமல் இருப்பதுதான் வட்டியைவிட வேகமாக வளர்கிறது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். இக்கடன்களுக்கான பணத்தைக் கழகமும் பெரும்பாலும் அரசாங்க உத்தரவாதத்தின் பேரில் வெளியே கடன் பெற்றுத்தான் தருகிறது. நம் பிள்ளை கட்டும் தவணை, அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதிவிட்டு வரும் இன்னொரு பிள்ளைக்கான கட்டணமாகிறது.

பெற்றோர் கூட்டத்தில்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசத் தம்பியை அழைத்தேன். வருவானோ என்று ஐயமாக இருந்தது. ஜொகூரிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். ஒலிவாங்கிக்கு முன்னால் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். பின்னர், எவ்வளவு கடன் வாங்கினான், எத்தனை ஆண்டு கட்டாமல் இருந்தான், யாரையெல்லாம் பார்க்காமல் ஒளிந்தான் என்பதை எல்லாம் வரிசையாகச் சொன்னான். மகள் பிறந்த மாதமே அவள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்குத் திறந்து, மாதம் ஐம்பது ரிங்கிட் போட்டு வருவதையும் சொன்னான். அவன் தந்தை கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில், ஓர் அம்மையார் என்னருகில் வந்து மெல்லக் கேட்டார்: "சார், எங்க வீட்டுலயும் நாலஞ்சு உறை பிரிக்காம கெடக்கு. நாளைக்குக் கொண்டு வரலாமா?"

கொண்டு வந்தார். ஆறு இருந்தன. மதியம் பள்ளி விட்ட பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

ஆசிரிய நண்பர்களே, உங்களைத் தேடியும் பிள்ளைகள் வருவார்கள். கடனுக்கு வழிகாட்டுங்கள்; அதே நாற்காலியில் அமர வைத்து, திருப்பிச் செலுத்தும் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். அரைமணி நேரம் போதும். பெற்றோர்களே, இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.